யாருடைய பொற்காலம்?
பழைய பாட்டும் சேரியின் காதும்

‘அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?’

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளைத் தமிழ்நாட்டில் பார்ப்பது கஷ்டம். டீக்கடை பெஞ்சு, கலியாண வீடு, ரயில் பெட்டி, ஓய்வுபெற்ற வாத்தியார்கள் சாயங்காலம் உட்காரும் வாய்க்கால் மதகு என்று நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பாட்டைச் சொல்கிறார்கள். படத்தின் பேர், பாடினவர் பேர், இசையமைத்தவர் பேர் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறார்கள். கடைசியில் ஒரு பெருமூச்சு. ‘அதெல்லாம் ஒரு காலம்!’

பாட்டைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அது பாட்டோடு நிற்பதில்லை. பாட்டு நல்லா இருந்தது, அதனால் காலமும் நல்லா இருந்தது, மனுசனும் நல்லா இருந்தான் என்று ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிடுகிறது. காவிரி டெல்டாவில் சொல்லும்போது இது இன்னும் கூடுதலாக இனிக்கும். முப்போகம் விளைஞ்சுது, ஆத்துல தண்ணி ஓடுச்சு, சாயங்காலம் ரேடியோவில் பாட்டு கேட்டோம் என்பார்கள். அந்த முப்போகத்தை நட்டவள், களை எடுத்தவள், அறுத்தவன், போர் அடித்தவன் இந்த வாக்கியத்தில் எங்கே நிற்கிறார்கள்? அவர்களும் அதே பாட்டைத்தான் கேட்டார்கள். எங்கே நின்று கேட்டார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

1

பூதலூர் தஞ்சாவூருக்கு மேற்கே, திருச்சி போகிற ரயில் பாதையில் இருக்கிறது. மேட்டூர் அணையோடு சேர்த்து 1934இல் தண்ணீர் விடப்பட்ட கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் புது ஆறு என்பார்கள். ஆறு புதுசு, ஊரின் அமைப்பு பழசு. ஊர் என்றால் குடியானத் தெருவும் அதன் கோயிலும். சேரி என்றால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் பாட்டு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

சினிமாப் பாட்டுக்கு முதலில் அரசாங்கத்து வானொலியிலேயே தீட்டு இருந்தது. 1952இலிருந்து 1962 வரை ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று நம்பினார். சாஸ்திரிய சங்கீதத்தைக் கொடுத்து நாட்டின் காதைச் சுத்தம் பண்ணுவது அவர் திட்டம். சனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். கடல் தாண்டி வந்த அந்தச் சத்தம் டெல்டாவில் துல்லியமாகக் கேட்டது. மயில்வாகனனின் குரல், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்கள் எங்கள் பக்கத்து மனுசர்கள் மாதிரி ஆனார்கள். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டுத்தான் மணி தெரிந்துகொண்டோம். சனங்கள் போன திசை தெரிந்த பிறகுதான் 1957 அக்டோபரில் அரசாங்கம் விவித் பாரதியைத் தொடங்கியது. ‘உயர்ந்த ரசனை’ என்று மேலிருந்து கொடுத்ததை மக்கள் முள்ளைத் திருப்பித் தோற்கடித்த சம்பவம் இது. பழைய பாட்டுப் பிரியர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இன்றைக்கு ‘தரமான பாட்டு’ என்று அவர்கள் கொண்டாடுவது அன்றைக்குத் தரம் கெட்டது என்று ஒதுக்கப்பட்டதுதான்.

ஆனால் முள்ளைத் திருப்ப ஒரு கை வேண்டும், கைக்கு ஒரு ரேடியோ வேண்டும். ரேடியோ வைத்திருக்க அன்றைக்கு வருசா வருசம் லைசென்ஸ் கட்ட வேண்டும். பண்ணையாளுக்கு ஏது ரேடியோ? பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. அது ஊர்ச் சாவடியில் இருந்தது. டீக்கடை ரேடியோ இருந்தது. அது கடைக்குள் இருந்தது. எங்களுக்கான கிளாஸ் கடைக்கு வெளியே, தட்டியில் செருகியிருந்தது. குடித்துவிட்டு நாமே கழுவி அதே இடத்தில் செருக வேண்டும். எந்தக் கடை என்று பேர் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அன்றைக்கு எல்லாக் கடையும் ஒன்றுதான். பாட்டு முடிகிற வரைக்கும் அங்கே நிற்கலாம், பெஞ்சில் உட்காரக் கூடாது. ஒரே பாட்டை உட்கார்ந்து கேட்டவனும் நின்று கேட்டவனும் இன்றைக்கு அறுபது வயதைத் தாண்டி ‘எனக்குப் பிடித்த பாட்டு’ என்று ஒரே பாட்டைச் சொல்லலாம். பாட்டு ஒன்று. நினைவு ஒன்றா?

காற்றுக்குத் தீட்டு இல்லை என்று சொல்வார்கள். குழாய்க்கு இருந்தது. திருவிழாவில் மைக் செட் கட்டும்போது குழாயை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்பதில் ஊருக்கு ஒரு தீர்மானம் உண்டு. எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த குழாயிலிருந்து வந்த பாட்டைத்தான் நாங்கள் மனப்பாடம் பண்ணினோம். வார்த்தை பாதி கேட்கும், பாதி கேட்காது. கேட்காத இடத்தை நாங்களே இட்டு நிரப்பிக்கொண்டோம். எங்கள் தெருவில் பல பாட்டுகளுக்குத் தனி வார்த்தைகள் உண்டு, கவிஞர்களுக்கே தெரியாது.

இதே ரேடியோவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1960இல் தொடங்கிய தீவிர விவசாயத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்ட முதல் மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. அறுபதுகளின் நடுவில் வந்த ஆடுதுறை 27 என்ற குறுவை நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி ஓயாமல் சொல்லிச் சொல்லி, அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்லு’ என்று பேராகிவிட்டது. ஆக ரேடியோ பாட்டையும் கொடுத்தது, விதையையும் கொடுத்தது. விளைச்சல் கூடியது. கூடின நெல்லில் தங்கள் பங்கைக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பது கீழத் தஞ்சையில் தெரிந்தது.

2

1968ஆம் வருசத்தை எடுத்துக்கொள்வோம். பழைய பாட்டுப் பிரியர்களுக்கு அது தங்கமான வருசம். ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தது, ‘குடியிருந்த கோயில்’ வந்தது, ‘எதிர்நீச்சல்’ வந்தது. ‘தில்லானா மோகனாம்பாள்’ எங்கள் ஜில்லாவின் பெருமை என்று சொல்லப்படுகிற படம். நாதஸ்வரமும் பரதமும் போட்டி போடும் தஞ்சை. கே.வி. மகாதேவன் இசை, சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். நானும் அந்த நாதஸ்வரத்துக்கு மயங்கினவன்தான். ஆனால் அந்தக் கலையை வளர்த்த கோயில் நெல்லும் மிராசு நெல்லும் யார் கையால் விளைந்தன என்பது அந்தக் கதைக்கு வேண்டியிருக்கவில்லை.

அதே வருசம் டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட சேரி மக்கள் 44 பேர், குழந்தைகளும் பெண்களும் கிழவர்களும், ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். செங்கொடிச் சங்கத்தை விட்டு வரமாட்டோம் என்றதும், படி நெல் கூடக் கேட்டதும்தான் குற்றம். அதற்கு முந்தைய வருசம், 1967இல், ‘விவசாயி’ என்று ஒரு படம் வந்திருந்தது. விவசாயியைப் புகழும் அதன் பாட்டு இன்றைக்கும் அரசியல் மேடைகளில் ஒலிக்கிறது. எங்கள் தெருவும் அந்தப் பாட்டைத் தன்னுடையது என்றே நம்பியது. ஆனால் ‘விவசாயி’ என்ற சொல்லுக்குள் யார் யார் உண்டு? நிலம் வைத்திருந்தவன் விவசாயி. சேற்றில் இறங்கினவன் ஆள். பண்ணையாள், கூலியாள், நடவாள் என்று அவனுக்கு எப்போதும் ஒரு ‘ஆள்’ ஒட்டியிருக்கும். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் காகிதத்தில் அவன் ஆள்தான். பாட்டு இந்த வித்தியாசத்தை அழித்து எல்லாரையும் ஒரே விவசாயி ஆக்கியது. அழிப்பது இனிமையாக இருந்தது. வெண்மணி அந்த வித்தியாசத்தைத் திரும்ப எழுதிக் காட்டியது.

அப்படியானால் எம்.ஜி.ஆர். பாட்டை எங்கள் சனம் ஏன் உயிராக நேசித்தது? ஏமாந்து போனார்கள் என்று சொல்லும் அறிவாளிகள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. படகோட்டியாக, ரிக்‌ஷாக்காரனாக, உழைக்கிறவனாக ஒருத்தன் திரையில் வந்து நின்று, நிமிர்ந்து, பண்ணையாரைப் பார்த்து விரலை நீட்டிப் பாடினான். அப்படி விரலை நீட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் அப்பாக்களுக்குத் தெரியும். சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்கின முதுகுகள் அவர்களுடையவை, அல்லது அவர்கள் அப்பனுடையவை. நிஜத்தில் நீட்ட முடியாத விரலைப் பாட்டில் நீட்டினார்கள். அந்தப் பாட்டுகளில் சிலதை எழுதினவரும் யாரோ அல்ல. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து, விவசாயச் சங்கத்தில் வேலை பார்த்து, 1959இல் 29 வயதில் செத்துப்போன கல்யாணசுந்தரம். மாடு மேய்த்தவன், வயலைத் தெரிந்தவன் எழுதின சொல் என்பதால்தான் அது வயலில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அதே சினிமா எங்கள் வீரனை எங்களுக்கு எப்படித் திருப்பிக் கொடுத்தது என்றும் பார்க்க வேண்டும். 1956இல் ‘மதுரை வீரன்’. அருந்ததியர் தங்கள் வீட்டுப் பிள்ளை என்று கும்பிடுகிற வீரன் படத்தில் ராஜா வீட்டுக் குழந்தை. காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்கிறான். இந்த ஒட்டுவேலை அச்சில் வந்த கதைப்பாடலிலேயே இருக்கிறது, படம் அதை எடுத்துப் பெரிசாக்கியது. வீரம் வேண்டும், வீரனின் அம்மா மட்டும் வேண்டாம். நந்தனுக்கு இதற்குத் தலைகீழான சிகிச்சை. பெரிய புராணத்தில் இல்லாத ஒரு வேதியப் பண்ணையாரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி சேர்த்தார். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942இல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாகப் பாடினார்கள். கெஞ்சுகிற நந்தன், உருகுகிற நந்தன். கச்சேரி மேடையில் இன்றைக்கும் அந்தக் கெஞ்சல்தான் ‘உருக்கமான பழைய பாட்டு’. நந்தனை ஆண்ட அரசன் என்று எழுதிய அயோத்திதாசருக்கு யாரும் மெட்டுப் போடவில்லை.

3

1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது என் வயதுக்காரர்களுக்குக் காதே மாறியது. பண்ணைப்புரத்துக்காரர், அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், பாட்டு போட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. வயலில் கேட்ட இழுவை, தாலாட்டு, துக்க வீட்டில் கேட்ட விம்மல், திருவிழாத் தாளம் எல்லாம் வயலின் கூட்டத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்தன. ‘நம்ம வீட்டுச் சத்தம் ரேடியோவுல வருதுடா’ என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லாமலே பெருமைப்பட்டோம்.

அந்தப் பெருமைக்குள்ளேயே ஒரு முள்ளும் வளர்ந்தது. அவர் தன்னை அப்படி அடையாளப்படுத்துவதை விரும்பியதில்லை. அது அவர் உரிமை. ஆனால் பாட்டுக்கு அந்த உரிமை இல்லை. பாட்டு போகிற இடத்துக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் ‘சின்னக் கவுண்டர்’ (1992), ‘தேவர் மகன்’ (1992), ‘எஜமான்’ (1993) என்று வரிசையாக வந்தன. மூன்றுக்கும் இசை அவர்தான். ஊர்ப் பெரியவர் தெருவில் நடந்து வருவதும், சனம் கும்பிடுவதும், பின்னணியில் மெட்டு பொங்குவதும் அப்போது ஒரு இலக்கணமாகவே ஆனது. கும்பிடுகிற சனத்தில் முதல் வரிசையில் குனிந்து நிற்பவன் யார் என்று எங்களுக்குத் தெரியாதா?

‘தேவர் மகன்’ பாட்டு ஒன்று தென்மாவட்டங்களில் சாதி ஊர்வலங்களின் பாட்டானது. சேரியைக் கடக்கும்போது சத்தத்தைக் கூட்டி வைக்கும் பாட்டானது. அதே பாட்டை இன்று ஒருத்தன் ‘தொண்ணூறுகளின் இனிய நினைவு’ என்று பட்டியலில் வைக்கலாம். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு இனிமைதான். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டதும் வீட்டுக் கதவைச் சாத்தின வீடுகளும் இருந்தன. மாரி செல்வராஜ் ‘மாமன்னன்’ (2023) பாடல் வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, ‘தேவர் மகன்’ தனக்குக் கொடுத்த வலியைப் பேசினார். அந்தப் படத்தில் இசக்கியாக நடித்த வடிவேலுவையே மாமன்னனாக உட்கார வைத்துக் காட்டினார். தமிழில் இதுவரை வந்த ‘பழைய பாட்டு’ விமர்சனங்களிலேயே பெரிய விமர்சனம் இதுதான் என்பேன். முப்பது வருசம் கழித்து ஒரு பாட்டுக்குப் பதிலாக ஒரு படம்.

இங்கே சில தோழர்கள் கேட்பார்கள்: அப்படியானால் இளையராஜாவைத் தூக்கிப் போட்டுவிடலாமா? ஏன் போட வேண்டும்? அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டு முதலும் இருக்கிறது. வயலின் இழுவை எங்கள் அம்மாக்கள் போட்ட முதல். அதைக் கொண்டுபோய்ப் பண்ணையாரின் நடைக்குத் தாளம் போட்டதைக் கேள்வி கேட்பதும், அந்தச் சத்தத்தை எங்களுடையது என்று உரிமை கொண்டாடுவதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. உரிமை உள்ளவன்தான் கணக்குக் கேட்பான்.

4

பட்டியல்களில் இன்னொரு சூழ்ச்சி இருக்கிறது. ‘மெலடி’ என்று ஒரு வகை, ‘குத்து’ என்று ஒரு வகை. பழைய பொற்காலப் பாட்டு என்றால் மெலடி. டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா, பி.பி. ஸ்ரீநிவாஸ் முன்வரிசை. எல்.ஆர். ஈஸ்வரியின் குரலுக்கு ஆடி மாசத்து அம்மன் கோயிலில் இடம் உண்டு, ரசிகர்களின் உன்னதப் பட்டியலில் கடைசி வரிசை. சிலோன் மனோகரின் பொப்பிசை என்றால் ஒரு சிரிப்பு, ‘ஜாலியா இருக்கும்’ அவ்வளவுதான். எங்கள் தெருவில் ஆடினது எதற்கு? குத்துக்குத்தான். அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? பறையிலிருந்து வந்தது. பறையின் அடியைச் சினிமா எடுத்து டிரம்மில் போட்டு, அதற்கு டப்பாங்குத்து என்று பேர் வைத்து, பிறகு அதைத் தரம் குறைந்தது என்று ஓரமாக உட்கார வைத்தது. ஊரில் எந்த இடமோ பட்டியலிலும் அதே இடம்.

பறையைப் பற்றி எங்களுக்குள்ளேயே தீராத வாதம் உண்டு. சாவுக்குக் கூலியில்லாமல் அடிக்க வைத்த கருவியை உடைத்துப் போடு, அதை விட்டால்தான் மரியாதை என்று ஒரு கட்சி. அடிமைத்தனத்தை விடு, கலையை விடாதே, அதை மேடைக்குக் கொண்டு வா என்று இன்னொரு கட்சி. முதல் கட்சியின் கோபம் எனக்குப் புரியும். அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக ஊர்விலக்கம், உதை வாங்கினவர்களின் கோபம் அது. தொண்ணூறுகளில் நடந்த தலித் கலை விழாக்கள் இரண்டாவது கட்சிக்கு ஒரு உருவம் கொடுத்தன. மதுரை இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற தியாபிலஸ் அப்பாவு, பாடுகிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளக் கூடிய நாட்டார் மெட்டுத்தான் ஏழைகளின் சங்கீதம் என்று பாட்டுக் கட்டினார். கே.ஏ. குணசேகரன் தன்னானே குழுவோடு ஊர் ஊராக வந்தார். இன்குலாப் எழுதி அவர் பாடின, நாங்களும் மனுசர்கள்தான் என்று முகத்துக்கு நேரே சொல்கிற அந்தப் பாட்டை இயக்கக் கூட்டங்களில் பாடாத ஊர் இல்லை. எழுதினவரும் பாடினவரும் 2016இல், ஒரே வருசத்தில் போனார்கள். என் பட்டியலில் முதல் பாட்டு அதுதான். எந்த ‘பொற்காலப் பாடல்கள்’ நிகழ்ச்சியிலும் அதை நான் கேட்டதில்லை.

5

இப்போது நடவுப் பாட்டுக்கு வருகிறேன். நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இல் வந்தது. அதற்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் டேப் ரிக்கார்டரோடு வயலுக்கு வந்தன. ஆய்வாளர்களுக்கு ‘கலப்படம் இல்லாத’ பாட்டு வேண்டும். எங்கள் தெருக் கிழவிகளிடம் ‘பழைய பாட்டு பாடுங்க ஆயா’ என்று நான் ஒருமுறை கேட்டேன். என்ன பாடினார்கள் தெரியுமா? எம்.ஜி.ஆர். படப் பாட்டு! ‘இதான்டா பழைய பாட்டு, வேற எதைக் கேக்குற?’ என்றார்கள். நடவுப் பாட்டைச் சொன்னேன். ‘அதுவா? அது பாட்டு இல்லடா, வேலை’ என்றார் ஒரு ஆயா.

ஆய்வாளர் என்றால் ஏமாந்து போவார். எனக்கு இதைவிடப் பெரிய விமர்சன வாக்கியம் கிடைத்ததில்லை. நடவுப் பாட்டு எப்படி நடக்கும் என்று பார்த்தால் புரியும். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, வரிசையில் குனிந்திருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். தாளத்துக்குத் தக்கபடி கை நாற்றைப் பிரிக்கும், விரல் சேற்றில் குத்தும், கால் பின்னால் போகும். பாட்டு வேகமெடுத்தால் நடவும் வேகமெடுக்கும். அதனால்தான் வரப்பில் குடை பிடித்து நிற்கிற காரியக்காரருக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும். ‘ஏன் சத்தத்தைக் காணோம்?’ என்று அதட்டுவார். அவருக்கு அது சங்கீதம் இல்லை, குறுவை நேரத்தில் ஏக்கர் கணக்கு. பெண்கள் அதே தாளத்துக்குள் அவர் தொப்பையை, அவர் கஞ்சத்தனத்தை, அவர் வீட்டுக் கதையை நுழைத்துவிடுவார்கள். பேர் இருக்காது, ஜாடை இருக்கும். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்பார், வரிசை முழுக்கக் குலவை போட்டுச் சிரிக்கும். சுரண்டலுக்கும் கலகத்துக்கும் ஒரே மெட்டு. இதை ‘மண்ணின் மணம்’ என்று மட்டும் சொல்லி உருகுகிறவர்கள், இடுப்பு ஒடியக் குனிந்த நேரத்தை மறைக்கிறார்கள்.

சினிமாப் பாட்டு அந்த ஆயாவுக்கு வேறு விஷயம். குனியாமல் பாடலாம். யாருக்கும் ஏக்கர் கணக்கு சேராது. ராத்திரி வாசலில் உட்கார்ந்து தனக்காக மட்டும் பாடுகிற பாட்டு. அவள் வாழ்க்கையில் தனக்கென்று இருந்த நேரத்துக்கு அந்தப் பாட்டுதான் அடையாளம். நாட்டுப்புறப் பாட்டு சுத்தமானது, சினிமாப் பாட்டு அசுத்தமானது என்று பிரிக்கிற நம்முடைய சில தோழர்களும் இதை யோசிக்க வேண்டும். சுத்தம், அசுத்தம் என்று பிரிக்கிற வேலை நமக்கு எதற்கு? அதைச் செய்ய இந்த நாட்டில் வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

இன்றைக்கு நடவு மிஷின் வந்துவிட்டது. மிஷினுக்குப் பாட்டு தேவையில்லை. குனிவது குறைந்ததில் எனக்குச் சந்தோஷம், கூலி நாள் குறைந்ததில் இல்லை. நடவுப் பாட்டு அழிகிறதே என்று கண்ணீர் விடுகிற பட்டணத்து ரசிகர்கள், கூலி நாள் போனதற்கும் ஒரு சொட்டு விடலாம்.

6

புதுசாக வந்ததையும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியபோது, கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக நின்று அம்பேத்கர் பேரைச் சொல்லிப் பாடின. அதில் பாடிய அறிவு, 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், தீயோடு சேர்ந்து கொடுத்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமெல்லாம் போனது. அந்தப் பாட்டின் அடியில் இருப்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பி வந்த ஒரு குடும்பத்தின் நினைவு. 1964இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தது. அவர்களில் பெரும்பகுதி எங்கள் சனம். இலங்கை வானொலியின் இனிய நினைவுகளை எழுதுகிறவர்கள், அதே கடலில் அதே வருசங்களில் கப்பலில் திரும்பி வந்தவர்களைப் பற்றி எழுதுவதில்லை. பாட்டு வந்த வழியாகத்தான் அவர்களும் வந்தார்கள்.

இவ்வளவு பெரிய பாட்டு வந்த அதே வருசம் ஆகஸ்டில், ஒரு இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் அறிவின் முகம் இல்லை என்று சண்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு பாடப்பட்டபோது மேடையில் அவர் இல்லை. யார் எழுதினது, யார் மெட்டு, யாருக்கு எவ்வளவு என்று மூன்று பக்கமும் விளக்கம் கொடுத்தார்கள். அந்த விவகாரத்தில் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் இருபது வருசம் கழித்து இதுவும் ‘அந்தக் காலத்துப் பாட்டு’ ஆகும். அப்போது பெருமூச்சு விடுகிறவர்கள் யார் பேரைச் சொல்வார்கள்? நினைவுக்குப் பேர் முக்கியம். எங்கள் கிழவிகளின் பாட்டு பேர் இல்லாமல்தானே ‘நாட்டுப்புறம்’ ஆனது!

எழுதுகிற தோழர்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். பிடித்த பழைய பாட்டுகளைப் பட்டியல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படம், பாடகர், வருசம் எழுதின பிறகு இன்னொரு கட்டம் போடுங்கள். அந்தப் பாட்டை எங்கே நின்று கேட்டீர்கள்? குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? கடைக்கு உள்ளேயா, வெளியேயா? கேட்டபோது நிமிர்ந்தீர்களா, குனிந்தீர்களா? உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள். ரிக்கார்டில் வராத ஒரு பாட்டையாவது, பாடினவள் பேரோடு, அந்தப் பட்டியலில் சேருங்கள். அவள் ‘அது பாட்டு இல்ல, வேலை’ என்று சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

எல்லாத் தெருப் பட்டியலும் எழுதி முடித்த பிறகு பொற்காலம் யாருடையது என்று பேசுவோம். அதுவரை பெருமூச்சு விடுகிறவர்கள் தங்கள் பேரில் விடட்டும், எங்களையும் சேர்த்து விட வேண்டாம்.